அலை வருமுன் அறிவோம்



கிழக்குக் கரையில் வாழும் எமக்குக் கடலைப் பற்றிய நல்ல நினைவுகள் குறைவு. போர்க் காலத்தில் கடலுக்குப் போகத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. 2004 டிசெம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் எமது பெண்களிற் பலர் கடலுக்கு முதுகு காட்டியே வாழப் பழகிவிட்டனர். ஆனால் அதே கடலை நம்பித்தான் பலரது வீட்டில் அடுப்பு எரிகிறது. எனவே இம்மாதம் அலையைப் பற்றிப் பேசுவோம்.

பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள அறுகம்குடாவை அறியாதவர் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி ஒக்ரோபர் வரை அங்கே சறுக்குப் பலகைகளுடன் வெளிநாட்டார் வந்து தங்குகின்றனர். குடாவின் தென்கோடி முனையில் உடையும் அலைதான் அவர்களை அழைத்து வருகிறது. அவர்களுக்குச் சமைப்பதும் துணி துவைப்பதும் அறை துப்புரவு செய்வதும் பெரும்பாலும் எமது பெண்களே.

எங்கள் மகளிர் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். போரிலே கணவனை இழந்தவர். விடுதிகளுக்கு இடியப்பமும் சம்பலும் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். "மிஸ், கடல் சும்மா கிடந்தா எங்கட அடுப்பும் சும்மாதான் கிடக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். அலை இல்லாத வாரத்தில் பயணிகள் வேறிடம் போய்விடுவார்கள். ஆனால் மாவைக் கடனுக்கு வாங்கியாயிற்று. நுண்கடன் தவணை வாங்க வரும் தம்பி அலை பார்த்து வருவதில்லை. கிழமை பார்த்து வருகிறார்.

"அலை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். தெரியும், அக்கா. ஒரு வாரத்துக்கு முன்பே ஓரளவு தெரியும். அந்த முனையில் சறுக்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அறை பதிவு செய்கிறார்கள். எமது ஊர் இளைஞர்களும் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். பெண்கள் மட்டும் கேட்பதில்லை. யாரும் சொல்வதும் இல்லை.

அலை எங்கிருந்து வருகிறது? எமது கரையில் வீசும் காற்று எழுப்புவது சிற்றலைதான். பருவகாலத்தின் பெரிய அலைகள் பிறப்பது வெகு தெற்கே, அண்டார்ட்டிக்காவைச் சூழ்ந்த குளிர்க்கடலில். அங்கே புயற்காற்று நாட்கணக்காக வீசி நீரைக் கிளப்பிவிடுகிறது. அந்த அலைகள் புயலை விட்டுப் பிரிந்து வடக்கே பயணப்படுகின்றன. பதினான்கு செக்கனுக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்கு 900 கிலோமீற்றருக்கு மேல் நகரும். அறுகம்குடாவை வந்தடைய ஐந்தாறு நாள்கள் ஆகும். இங்கே காற்றே இல்லாத நாளிலும் அலை உயர்வது இதனால்தான். கேரளக் கரையில் இவ்வாறு சொல்லாமல் வந்து கரையேறும் கடலைக் 'கள்ளக்கடல்' என்பார்கள்.

இந்தக் கணிப்புக் கலை ஒரு போரிலே வளர்ந்தது என்பதை எமது வாசகிகள் அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் படையினரைக் கரையிறக்கும் படகுகள் அலையில் கவிழாதிருக்க வேண்டுமென்று வால்ற்றர் மங்க், ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்னும் இரு கடலியலாளர்கள் அலையை முன்கூட்டிக் கணிக்கும் முறையை உருவாக்கினர். 1944 யூன் 6 அன்று நடந்த நோர்மண்டித் தரையிறக்கத்துக்கும் அது பயன்பட்டது. 1963இல் மங்க் தமது குழுவினருடன் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை ஆறு இடங்களில் அளந்து, தென்கடல் அலைகள் 10,000 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்வதைக் காட்டினார். போருக்கென வளர்ந்த அறிவு இன்று செய்மதிகளின் உதவியுடன் எவரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. போரால் இழந்தவர்கள் அதிலிருந்து ஒரு பயனையாவது எடுத்துக்கொள்வது நியாயந்தானே?

முன்னறிவிப்பில் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது அலையின் உயரம். இது திறந்த கடலில் உள்ள உயரம். கரையில் இதுவே கூடலாம், குறையலாம். இரண்டாவது செக்கன் கணக்கு, அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம். ஆறு ஏழு செக்கன் என்றால் அது கிட்டத்தில் எழுந்த சிற்றலை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் தூரத்துப் புயல் அனுப்பிய அலை. ஒரே உயரமாயிருந்தாலும் பின்னதற்கே வலிமை அதிகம். ஆழங்குறைந்த இடத்துக்கு வந்ததும் அது மேலும் நிமிரும். மூன்றாவது திசை. அறுகம்குடாவுக்குத் தெற்கும் தென்கிழக்கும் நல்லவை. நான்காவது காற்று. ஆனி, ஆடியில் உடம்பைக் காய வைக்கும் கச்சானை நாம் திட்டித் தீர்க்கிறோம். அக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகத்தை அழகாகச் சீவிவிடுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் அது கலைந்துவிடும். ஆகவே விடியுமுன்னே கடலுக்குப் போகிறவர்கள் பசியுடன் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டுச் சமைப்பதே எமது கெட்டித்தனம்.

முனை ஏன் முக்கியம்? தெற்கிலிருந்து வரும் அலையின் ஒரு நுனி முனையருகே ஆழங்குறைந்த நிலத்தை முதலில் தொடுகிறது. தொட்ட பக்கம் வேகம் குறைய, மற்றப் பக்கம் முன்னேற, அலை வளைந்து குடாவுக்குள் திரும்புகிறது. அதனால் அது ஒரேயடியாக உடையாமல், துணி கிழிவதுபோல் முனையிலிருந்து உள்நோக்கி வரிசையாக உடைந்துகொண்டு போகும். பலகையில் நிற்பவர் அதனுடன் நெடுந்தூரம் சறுக்கலாம். குடாவின் உட்பகுதி சற்று அமைதியாக இருப்பதும் இதனால்தான்.

கைத்தொலைபேசி இல்லாதவர்களும் கற்கலாம். கரையில் நின்று ஓர் அலை உடையும்போது மணிக்கூட்டைப் பாருங்கள். அதன் பின் பத்தாவது அலை உடையும்வரை எத்தனை செக்கன் என்று பார்த்துப் பத்தால் வகுங்கள். 130 செக்கன் என்றால் இடைவெளி 13. எங்கள் குழுவில் ஒரு கொப்பியில் இதையும் முன்னறிவிப்பையும் அருகருகே எழுதி வருகிறோம். முதல் மூன்று நான்கு நாள்களுக்கான கணிப்பை நம்பி மா வாங்கலாம். பத்தாம் நாளை ஊகமாகவே கொள்ள வேண்டும். இது கடனைத் தீர்த்துவிடாது. ஆனால் எந்த வாரம் குறைவாக வாங்குவது, எந்த வாரத்து மீதியை அடுத்த தவணைக்கு எடுத்து வைப்பது என்று தீர்மானிக்க உதவும். அந்த அக்கா இப்போது மாவை மூட்டையாக வாங்குவதில்லை.

தாய்மாருக்கு இரண்டு எச்சரிக்கைகள். தூரத்து அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். பல நிமிடம் கடல் சாதுவாக இருந்து, திடீரென நாலைந்து பெரிய அலைகள் தொடரும். பிள்ளைகளைக் குளிக்க விடுமுன் கால் மணி நேரமாவது கடலைப் பாருங்கள். அலை உடையாத அமைதியான ஒடுங்கிய பாதையில் நீர் வெளியே இழுக்கக்கூடும், அங்கே இறங்க விடாதீர்கள்.

மற்றது, அலை முன்னறிவிப்பு சுனாமியைச் சொல்லாது. அது காற்றால் எழுவதன்று. கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. 2004இல் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறை இருக்கவில்லை, இன்று இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், நிலம் பலமாக அதிர்ந்தால் எவருடைய அறிவித்தலுக்கும் காத்திராமல் மேட்டுக்குச் செல்லுங்கள்.

2018இல் அறுகம்குடாப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். நாட்டில் பெண்களுக்கான முதலாவது கழகம் அதுவென்று பேசப்படுகிறது. "பெண் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை" என்று கேட்கும் ஊர்களில் இது சிறிய காரியமன்று. எல்லோரும் பலகையில் ஏற வேண்டியதில்லை. ஆனால் கடல் என்ன செய்யப் போகிறது என்று அறியும் உரிமை, பலகையில் ஏறுகிறவருக்கும் படகு தள்ளுகிறவருக்கும் இருப்பதுபோலவே, இடியப்பம் அவிக்கிறவருக்கும் உண்டு. உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தைக் கடற்கரையில் வையுங்கள். ஒரு மணிக்கூட்டையும் ஒரு கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.