வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம்?

கட்டுமானத் தளத்தில் ஆட்களை நேரில் நின்று வேலை வாங்குபவர் மேஸ்திரி. பெரிய திட்டங்களில் அவரை ஃபோர்மன் என்றோ சூப்பர்வைசர் என்றோ அழைப்பார்கள், வேலை ஒன்றுதான். காலையில் ஆளை எண்ணி இறக்குவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று பிரித்துவிடுவது, சாமான் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது, சாயங்காலம் அளவெடுத்துக் கணக்குக் கொடுப்பது. வரைபடத்தைப் பொறியாளர் போடுகிறார். பணத்தை ஒப்பந்ததாரர் போடுகிறார். இவர்களுக்கும் சாரத்தில் ஏறும் மனிதருக்கும் நடுவில் நாள் முழுக்க இருப்பவர் மேஸ்திரி மட்டுமே. ஏறியவர் பத்திரமாக இறங்குவாரா என்பதும் பெரும்பாலும் அவரைப் பொறுத்தது. அதற்கு வேண்டிய பயிற்சியும் அதிகாரமும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தமிழகக் கட்டுமானத் துறையின் ஆகப்பெரிய ஓட்டை இது.

அந்த ஓட்டையைத் தெளிவாகப் பார்க்கத் தக்க இடம் வடசென்னை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று நீளும் இந்தக் கடலோரத்தில் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் சரக்குப் பெட்டக முனையங்களும் வரிசையாக நிற்கின்றன. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ ரயில் தடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமான 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தலா 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகளுக்கான கட்டுமானம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

அந்தத் தளத்தில்தான் 2025 செப்டம்பர் 30 அன்று, உயரத்தில் எஃகு வளைவு அமைக்கும் பணியின்போது கட்டுமானம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உடல்கள் இராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. மாநில அரசின் சார்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாயும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இழப்பீடு வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: சரிவதற்கு முன் அங்கே நின்றிருந்தவர்களில் யாருக்காவது “எல்லோரும் கீழே இறங்குங்கள்” என்று சொல்லும் அதிகாரம் இருந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் ஒப்பந்த அடுக்கு. திட்டம் ஒரு அரசு நிறுவனத்துடையது. அது ஒரு பெரிய நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்கும். அந்த நிறுவனம் கான்கிரீட்டை ஒருவருக்கும், எஃகு வேலையை இன்னொருவருக்கும், பெயின்டை மூன்றாமவருக்கும் பிரித்துக் கொடுக்கும். அவர்களுக்குக் கீழே ஆள் மட்டும் கொண்டுவருகிற லேபர் காண்ட்ராக்டர். அவருக்கும் கீழே, சொந்த ஊரிலோ பக்கத்து மாவட்டத்திலோ ஆள் திரட்டி ரயிலேற்றிக் கூட்டிவரும் மேஸ்திரி. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பணம் நின்றுவிடுகிறது. பொறுப்போ எந்தப் படியிலும் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது. கடைசிப் படியில் இருப்பவருக்குப் பொறுப்பு முழுவதும் வந்து சேரும்போது, அதை நிறைவேற்றக் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

இரண்டாவது காரணம் மேஸ்திரியின் வருமானம். பல தளங்களில் அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. இறக்கிய ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கிடைக்கும்; இல்லையென்றால் சதுர அடிக்கு, டன்னுக்கு என்று பேசி எடுத்த வேலையில் மிஞ்சுவது அவருடையது. ஊரிலிருந்து வரும்போதே ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். அந்தப் பணம் வேலையில் கழிந்தாக வேண்டும். மழைக்காக ஒரு மணி நேரம் நிறுத்தினால் அவருக்கு நஷ்டம். ஆடுகிற சாரத்தைப் பிரித்து மறுபடி கட்டச் சொன்னால் அரை நாள் போச்சு. ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவரே, கண்டுபிடித்தால் காசு இழப்பவராகவும் இருக்கிறார். நல்ல மேஸ்திரிகள் இதையும் மீறி ஆட்களைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஒரு தொழிலை நடத்தக் கூடாது.

மேற்பார்வை என்றால் தளத்தில் எதைப் பார்ப்பது? சென்ட்ரிங் வேலையை எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் போடுவதற்கு முன் தகடு அடித்து, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஈரக் கான்கிரீட்டின் எடை கனமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன். அந்த எடை முழுவதும் முட்டுகளின் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. எண்ணூர்ப் பக்கம் தரை பல இடங்களில் மணல், களிமண், கொட்டி நிரப்பிய மண். முட்டின் அடியில் அகலமான பலகையோ அடித்தகடோ வைக்காமல், கிடைத்த செங்கல்லை அண்டக்கொடுத்தால் ஒரு முட்டு மட்டும் இறங்கிவிடும். அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போகும். அவை தாங்காவிட்டால் மொத்தமும் சரியும். முட்டு செங்குத்தாக நிற்கிறதா, குறுக்கே பிணைப்பு உண்டா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் இந்தப் பகுதியில் கிளாம்பின் மரை சீக்கிரம் துருப்பிடிக்கும். மேல்பார்வைக்கு இறுகியதுபோல் தெரிவது, ஸ்பானர் வைத்தால் ஒரு சுற்று ஓடும். இதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

கான்கிரீட் போட்ட பிறகு அடுத்த ஆபத்து, முட்டைப் பிரிக்கும் நாள். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரக்குறிப்பின்படி, நாலரை மீட்டர் வரை இடைவெளி கொண்ட தளத்துக்கு முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் பதினான்கு நாள். ஆறு மீட்டரைத் தாண்டிய உத்தரத்துக்கு இருபத்தொரு நாள். இதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதால் நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தகடும் முட்டும் பெரும்பாலும் நாள் வாடகைக்கு எடுத்தவை. பத்தாவது நாளில் அடுத்த தளத்துக்கு அவை வேண்டும் என்று ஒப்பந்ததாரரிடமிருந்து போன் வரும். கான்கிரீட் போட்ட தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கும் மேஸ்திரி அந்த போனுக்குப் பதில் சொல்ல முடியும். எழுதாதவர் பிரித்துவிடுவார்.

உயரத்து வேலையில் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பெருந்தவறு. அதன் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாரத்தின் குழாயிலேயே மாட்டியிருந்தால், சாரம் சாயும்போது ஆளும் சேர்ந்து போவார். சாரத்தோடு சேராத உறுதியான கட்டமைப்பில் கயிறு கட்டி அதில் மாட்ட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் தலைக்கவசத்தையும் பெல்ட்டையும் படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். கொக்கியின் மறுமுனையை யாரும் படம் எடுப்பதில்லை.

கிரேன் வேலையில் ஒரு நல்ல மரபு உண்டு. கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். வேறு யார் கை காட்டினாலும் அவர் அசையக் கூடாது. ஆனால் ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் தளத்தில் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். சித்தாளாக வந்த பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. பிற்பகலில் கடற்காற்று எழும்பித் தொங்கும் இரும்பு சுழலத் தொடங்கும்போது, அதை முதலில் பார்ப்பது கீழே நிற்பவராகவே இருக்கும். இந்த ஒரு விதியைக் கிரேனோடு விட்டுவிடாமல் தளம் முழுவதற்கும் விரித்தால் பல உயிர்கள் தப்பும்.

அதற்குக் குறுக்கே நிற்பது மொழி. இன்று எண்ணூர்த் தளங்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்கள் அருகருகே வேலை செய்கிறார்கள். தமிழ் மேஸ்திரிக்கு அரைகுறை இந்தி. அசாமிலிருந்து வந்தவருக்கும் இந்தி தாய்மொழி அல்ல. “அண்ணே, பலகை ஆடுது” என்று தமிழ்த் தொழிலாளி சட்டென்று சொல்லிவிடுவார். மற்றவர் சொல்லத் தெரியாமலும், சொன்னால் திட்டு விழுமோ என்று பயந்தும், ஆடும் பலகையிலேயே நடந்துபோவார். காலையில் பத்து நிமிடம் ஆட்களைக் கூட்டி அன்றைய ஆபத்துகளைச் சொல்லும் வழக்கம் பெரிய தளங்களில் இருக்கிறது. அதைக் கேட்பவரின் மொழியில் சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லவைத்தால்தான் அதற்குப் பயன்.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டுமானத் தொழிலாளருக்கென 1996-இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1994-இல், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைத்திருந்தது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்து என்று பட்டால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20-இலிருந்து 50-ஆக அதே தொகுப்பு உயர்த்திவிட்டது. முப்பது, நாற்பது ஆட்களோடு வரும் மேஸ்திரியும் சிறு காண்ட்ராக்டரும் இனி உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஆபத்து அதிகமாக உள்ள கடைசிப் படியைச் சட்டத்தின் கண்ணிலிருந்து விலக்கியது பிழையான முடிவு.

தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் சிங்கப்பூரின் அனுபவம் இங்கே உதவும். 2004 ஏப்ரல் 20 அன்று அங்கே நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே தாங்கு உத்தரங்களிலிருந்து சத்தம் கேட்டது. இரும்பு நெளிவதைப் பார்த்தார்கள். ஆளை வெளியேற்றாமல் வலுப்படுத்தும் வேலையைத் தொடர்ந்தார்கள். பிற்பகலில் எல்லாம் சரிந்தது. சக தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டு உள்ளே சிக்கிய ஃபோர்மன் ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு 2006-இல் அந்த நாடு பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தையே மாற்றி எழுதியது. பாதுகாப்பு வகுப்பில் தேறாமல் தொழிலாளி அங்கே கட்டுமான வேலைக்குப் போக முடியாது. மேற்பார்வையாளருக்குத் தனி வகுப்பு. சிவகங்கையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போகிறவர் சிங்கப்பூரில் தேர்வு எழுதுகிறார். எண்ணூருக்கு வந்தால் பெயரும் ஆதார் எண்ணும் போதும்.

சென்னைக்கும் பாடங்கள் கிடைக்காமல் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அடுத்த எட்டு நாளில் திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் கிடங்குச் சுவர் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். மவுலிவாக்கத்துக்கு விசாரணை ஆணையம் அமைந்தது. அனுமதி, மண் பரிசோதனை, வடிவமைப்பு எல்லாம் பேசப்பட்டன. ஆட்களை நின்று வேலை வாங்கியவரின் நிலை மட்டும் மாறவில்லை.

இதை மாற்றப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வடசென்னையின் பெரிய கட்டுமானங்களில் முதன்மை முதலாளி பெரும்பாலும் அரசே: மின் உற்பத்திக் கழகம், துறைமுகங்கள், மெட்ரோ நிறுவனம், மாநகராட்சி. டெண்டர் நிபந்தனைகளை எழுதுவதும் அவர்களே. மேஸ்திரிக்கு ஆள் கணக்கோடு சேராத மாதச் சம்பளம் வேண்டும். நலவாரியத்தின் செலவில் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். ஆட்களின் மொழி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் வேண்டும். ஆபத்து என்று மேஸ்திரி நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. இந்த நான்கையும் அடுத்த டெண்டரிலேயே எழுத வேண்டும். எழுதாத டெண்டரில் மின் உற்பத்திக் கழகத்தின் அதிகாரிகள் கையெழுத்திடக் கூடாது.