மூவிரல் நுழையும் அளவு

அனுமத் ஜயந்தி முடிந்த மறுவாரம், 68 வயதுடைய அன்னையார் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். "ஸ்வாமிக்குச் சாற்றிய வடைமாலையிலிருந்து ஒரு வடை பிரசாதமாகக் கிடைத்தது டாக்டர். கடித்தவுடன் காதோரம் சுருக்கென்று வலித்தது. பேரன் கையில் கொடுத்துவிட்டேன்" என்றார். வலியைக் காட்டிலும், பிரசாதத்தைத் தாம் உண்ணாமல் விட்டோமே என்பதுதான் அவருக்குப் பெருங்குறையாக இருந்தது.

அதற்கு முன் மூன்று மாதங்களாக அவர் அந்த வலியோடு போராடியிருக்கிறார். காதுவலி என்றெண்ணிச் சொட்டு மருந்து விட்டார். பிறகு பல்வலி என்றெண்ணிக் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டார். வலி மட்டும் போகவில்லை. குறை இருந்த இடம் காதுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தாடை மூட்டு.

முழங்காலையும் இடுப்பையும் அறிந்த அளவுக்கு நாம் இம்மூட்டை அறிவதில்லை. ஆயினும் நாம் நாள்தோறும் வணங்கும் ஆஞ்சநேயரின் திருநாமத்திலேயே தாடை இருக்கிறது. 'ஹனு' என்ற வடசொல்லுக்குத் தாடை என்று பொருள். கதிரவனைக் கனியென்று கருதித் தாவிய குழந்தையின் இடத்தாடையை இந்திரனின் வஜ்ராயுதம் சிதைத்ததாக வால்மீகி ராமாயணம் கூறும். தாடை மூட்டு விலகினால் வெப்பமூட்டி, பொருத்தி, கட்டுக் கட்டும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்லியிருக்கிறது. நம் முன்னோர் நன்கறிந்த மூட்டுதான் இது.

காதின் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலின் அடியில் ஒன்று உருண்டு நகர்வதை உணரலாம். அதுவே கீழ்த்தாடையின் தலைப்பகுதி. வாய் திறக்கத் தொடங்கும்போது அது தன் இடத்திலேயே சுழல்கிறது. மேலும் திறக்கும்போது முன்னோக்கிச் சறுக்குகிறது. எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதிருக்க நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வலமும் இடமும் ஒரே எலும்பின் இரு முனைகளாதலின், ஒரு பக்கம் தடுமாறினால் மறுபக்கமும் அதன் சுமையை ஏற்கிறது.

அந்த அன்னையாரைப் பரிசோதித்த முறையைச் சொல்கிறேன். முதலில் வாயை வலியின்றி இயன்றவரை திறக்கச் சொல்லி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே அளந்தேன். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்க வேண்டும். அவருக்கு 31 மட்டுமே இருந்தது. திறக்கும்போது கீழ்த்தாடை நேராக இறங்காமல் வலப்பக்கம் கோணியது. பெரும்பாலும் இறுகிய பக்கத்தை நோக்கியே தாடை கோணும். அடுத்து, மூட்டின்மேல் விரல் வைத்து ஒலியைக் கவனித்தேன். 'டக்' என்ற ஒற்றை ஒலி வட்டு இடம் மாறுவதைக் குறிக்கலாம். மணலை அரைப்பது போன்ற நறநறப்பு மூட்டுத் தேய்மானத்தைக் குறிக்கலாம். வலியில்லாத வெறும் 'டக்' ஒலிக்குச் சிகிச்சை தேவையில்லை என்பதை அஞ்சுவோர் மனத்தில் கொள்க.

பிறகு கன்னத்துத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவு அழுத்தத்தோடு தொட்டுப் பார்த்தேன். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டதும், "இதுதான் டாக்டர்! காதில் வலிப்பதாக நான் நினைத்தது இதைத்தான்!" என்றார். 2014-ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுப் பரிசோதனை நெறிமுறை இதற்கே முதன்மை அளிக்கிறது. அழுத்தினால் வலிக்கிறதா என்பதோடு, அது தாம் அன்றாடம் படும் அதே வலியா என்பதையும் நோயாளியே சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் கிடைத்திருந்தால் அவருடைய பல் தப்பியிருக்கக்கூடும்.

அவருக்குச் செய்த சிகிச்சை எளியது. கன்னத்தில் நாள்தோறும் இருவேளை, பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டு ஈர ஒற்றடம். சில வாரங்களுக்குக் குழைந்த சோறு, இட்லி, வெந்த காய். உணவை இரு பக்கமும் பகிர்ந்து மெல்லுதல். வெற்றிலை பாக்கு கூடவே கூடாது. கையுறை அணிந்த பெருவிரலால் கீழ்க் கடைவாய்ப் பற்களை மெல்ல அழுத்தி மூட்டைத் தளர்த்தும் முறையை நானே செய்தேன். அதை வீட்டில் எவரும் முயலலாகாது.

வீட்டில் செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, தாடையின் ஓய்வு நிலை. 'நான்' என்று சொல்லி முடிக்கும்போது நுனிநாக்கு எங்கே தொட்டு நிற்கிறதோ அங்கேயே இருக்கட்டும். உதடுகள் மெல்ல மூடட்டும். பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடலாகாது. உண்ணாத வேளையில் தாடைக்கு இதுவே இருப்பு. கவலையில் பற்களைக் கடித்துக்கொண்டே இருப்பவர் பலர். அவர்களுக்கு இது ஒன்றே பெருமருந்து. இரண்டாவது, நாவை அவ்விடத்திலிருந்து எடுக்காமல், கண்ணாடி முன் அமர்ந்து, தாடை கோணாதபடி மெதுவாகத் திறந்து மூடுதல். மூன்றாவது, முகவாயைப் பின்னோக்கி இழுத்துக் கழுத்தை நிமிர்த்துதல். குனிந்தே பாராயணப் புத்தகம் படிப்போருக்குக் கழுத்துத் தசையோடு தாடைத் தசையும் இறுகும். புத்தகத்தை வியாசப் பலகையில் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரோகபாடோ வகுத்த முறையில் ஒவ்வொரு பயிற்சியும் ஆறு தடவை, நாளொன்றுக்கு ஆறு வேளை. வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும்.

எட்டு வாரங்களில் அந்த அன்னையாரின் வாய் 41 மில்லிமீட்டர் திறந்தது. இத்தகையோரில் மிகப் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

இனிச் சொல்வதை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். அதே மாதம் 72 வயதுப் பெரியவர் ஒருவரும் வந்தார். "மெல்லும்போது தாடை வலிக்கிறது" என்று அதே சொற்களையே சொன்னார். ஆனால் வாய் நன்றாகத் திறந்தது. எங்கே தொட்டும் அவருடைய வலி எழவில்லை. நான்கு கவளம் மென்றதும் வலி வரும், நிறுத்தினால் அடங்கும். மேலும் வினவியபோது, மூன்று வாரமாக நெற்றிப்பொட்டில் புதிய தலைவலி என்றும், தலை சீவினால் உச்சி நோகிறது என்றும் சொன்னார். அவருக்கு நான் பயிற்சி எதுவும் தரவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயில் அழற்சி. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கே வரும் இந்நோய், காலம் தாழ்த்தினால் பார்வையைப் பறித்துவிடும். ஸ்டீராய்டு மருந்து உடனே தொடங்கப்பட்டதால் அவர் கண் தப்பியது.

ஆகவே, மலைக்கோயில் படியேறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் தணிகிறது எனில் அது இதயத்தின் குரலாக இருக்கலாம். ஓய்விலும் அடங்காமல் வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். முகம் கழுவும்போது மின்னல் வெட்டுவது போன்ற வலி முகநரம்பின் நோயாகலாம். பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்க்கு வாய் சிறிது சிறிதாகக் குறுகினால், வாயினுள் ஆறாத புண் இருந்தால், புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடலாகாது.

கொட்டாவி விடும்போது வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் வீட்டில் இழுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்க. கொட்டாவிக்குச் சொடுக்குப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒருமுறை மூட்டு விலகியவர்கள் அந்தக் கையையே முகவாய்க்கு அடியில் தாங்கலாகக் கொடுக்கலாம்.

இன்று கண்ணாடி முன் நின்று, உங்கள் நடுமூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களிடையே வைத்துப் பாருங்கள். பல்செட்டு அணிபவர்கள் அணிந்தே பாருங்கள். மூவிரலும் வருத்தமின்றி நுழைந்தால் நன்று. இரண்டே நுழைந்தால் பல் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ காணுங்கள்.

இல்லத்தில் உள்ள இளையோருக்கும் ஒரு சொல். வலிக்கிறது என்று பெரியவர்கள் எளிதில் சொல்வதில்லை. முதலில் முறுக்கை விடுவார்கள். பிறகு சப்பாத்தியை விடுவார்கள். ஒருநாள், "எனக்குக் கஞ்சியே போதுமம்மா" என்பார்கள். வயதானால் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, ஏன் என்று கேளுங்கள்.