மீட்டரு யாருடையது?

லைன் வீட்டுக்கு லைன் வீடு ஒரு கரண்டு கம்பெனி நடக்கிறது. லைசென்ஸ் கிடையாது. ரசீது கிடையாது. முதலாளி, ஹவுஸ் ஓனர். சரக்கு, மின்வாரியத்தினுடையது. வாங்குகிறவன், போக்கிடம் இல்லாத நாம்.

கணக்குப் போடுவோம். அஞ்சு குடித்தனம், ஒரே இணைப்பு, வீட்டுக்கொரு சப் மீட்டர். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு 150 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வாங்கினால் ஓனர் கையில் 6,000 ரூபாய். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 750 யூனிட்டுக்கு அவர் வாரியத்துக்குக் கட்டியது 4,100. மிச்சம் 1,900 யார் வீட்டுக் காசு?

அதே கட்டணத்தில் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் 100 யூனிட் இலவசம் போக வீட்டுக்கு 112 ரூபாய் 50 காசுதான் வந்திருக்கும். அஞ்சு வீட்டுக்கும் சேர்த்தே 562 ரூபாய் 50 காசு! 2016இல் அரசு அறிவித்த இலவசம் ஓனர் வாசலோடு நின்றுபோனது.

"கூட்டுப் பில்லுல ஸ்லாப் ஏறிடுதுப்பா, நான் என்ன பண்றது?" என்கிறார் ஓனர். தனி மீட்டருக்குச் சம்மதக் கடிதம் கொடுங்களேன் ஐயா!

சட்டம் நம் பக்கம்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் மின் வியாபாரம் கூடாது என்கிறது. 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. தமிழ்நாட்டு மின் வழங்கல் விதிகளோ, ஓனர் மறுத்தாலும் குடியிருப்புக்கு ஆதாரமும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்து இணைப்புக் கேட்கலாம் என்கின்றன. ஆதாரத்துக்கு எங்கே போவது? லைன் வீட்டில் எவன் அக்ரிமெண்ட் எழுதிக் கொடுக்கிறான்?

கேட்டால் "காலி பண்ணு". காலி செய்தால் அடுத்த தெருவில் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" சாதியை மோப்பம் பிடித்துத்தான் சாவி கொடுக்கிறார்கள். அந்தப் பயத்தின் மேல்தான் யூனிட்டுக்கு 8 ரூபாய் நிற்கிறது. சேரியை விட்டு வந்தவனுக்கு இது கரண்டுக் கட்டணம் அல்ல, சாதிக் கட்டணம்.

இங்கிலாந்தில் 2003 முதல், தான் கொடுத்த விலைக்கு மேல் குடியிருப்பவரிடம் வாங்கக் கூடாதென்று உச்சவிலை விதி வந்தது. 2019இல் டெல்லி அரசு, ஓனர் சம்மதம் இல்லாமலே வாடகைதாரருக்கு ப்ரீபெய்டு மீட்டர் என்று அறிவித்தது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

மின்சார ஒழுங்குமுறை ஆணையமே, மறுவிற்பனைக்கு உச்சவிலை வை. வாரியத்தின் பில்லைக் குடித்தனக்காரர் கண்ணில் காட்டச் சொல். ரேஷன் கார்டைக் காட்டினால் மீட்டர் கொடு.

நாம் கேட்பது சலுகை அல்ல. நாம் எரித்த விளக்குக்கு நம் பெயரில் ஒரு பில்லு.