பழைய பலகைத் தளத்தின் மேல் புதிய தளம்

மரத்தளம் என்பது முன்னாளில் மலைநாட்டிலே துரை பங்களாவுக்கும், கொழுந்து வாட்டும் தொழிற்சாலை மாடிக்கும் உரியதாக இருந்தது. லயத்து அறையின் மண் தரையிலே தவழ்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் வர்த்தகராகவும் உயர்ந்து, நுவரெலியாவிலோ ஹற்றனிலோ பழைய வீடொன்றை வாங்கும்போது, தேய்ந்து கிறீச்சிடும் பலகைகளை மூடிப் புதிய தளம் போட விரும்புவது இயல்பே. ஆயினும், சேமிப்பிலே கைவைக்குமுன் சில விஷயங்களைச் சிந்தித்தல் நலம்.

இப்போது கடைகளில் விற்கப்படும் அடுக்குப் பலகை யாது? தேயிலைப் பெட்டியைக் கண்டவர்களுக்கு அதனை விளக்குதல் எளிது. முன்னாளில் நம் தேயிலை கடல் கடந்தது, மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாக ஒட்டிய பெட்டிகளிலே. மரம் ஈரத்தை ஏற்கும்போது அகலத்தில் மிகவும், நீளத்தில் மிகச் சிறிதும் விரியும். தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால், ஓர் அடுக்கின் விரிவை மற்றோர் அடுக்கு தடுக்கும். அடுக்குப் பலகையின் தத்துவமும் இதுவே. மேலே மட்டும் நல்ல வைர மரத் தகடொன்று அமையும். 6,000 அடிக்கும் மேலான உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நுவரெலியாவிலே, முழுப் பலகையிலும் இது கோணாமல் நிற்பதற்கு இதுவே காரணம். மேல் தகடு 4 மில்லிமீற்றர் ஆயின், தேய்ந்தபின் ஓரிரு முறை இழைத்துப் புதுப்பிக்கலாம். 2 மில்லிமீற்றர் ஆயின் அதற்கு இடமில்லை.

ஆனால் புதிய பலகை பழைய தளத்தின் நோயைத் தீர்ப்பதில்லை, மறைக்கவே செய்யும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் ஈரத்தில் எளிதாக உளுத்துப்போகும். ஆகவே, இரண்டு மூன்று பலகைகளைக் கழற்றி, கீழுள்ள தாங்கு சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக உள்ளே இறங்கினால், முதற் செலவு சட்டத்துக்கே. சுவரின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்களைப் பூச்செடி மண் அடைத்திருந்தால், அதையும் அகற்றல் வேண்டும்.

சட்டங்கள் உறுதியாயிருப்பின், ஆடும் பலகைகளை ஆணியால் அன்றித் திருகாணியால் இறுக்கி, பள்ளங்களைச் சமன் செய்து, புதியவற்றைப் பழையவற்றுக்குக் குறுக்காக அமைக்கலாம். சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி அவசியம். மரத்துக்கும் மூச்சு விட இடம் வேண்டும். தளம் உயர்வதால் கதவின் அடியை இழைக்க நேரிடும். வாயிற்படியில் முதியோர் கால் தடுக்காதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டில் விடுதியாகத் திறக்கப்பட்டபோது, கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. எலும்பு உறுதியாயிருந்தால் பழமைக்கும் மறுவாழ்வு உண்டு என்பதற்கு இது சான்று. உங்கள் வீட்டுப் பலகைகளும் நல்லனவாயின், இழைத்து எண்ணெய் பூசினாலே போதுமானதாயிருக்கலாம், செலவும் குறையும்.

மூடுமுன் திறந்து பாருங்கள் என்பதே நாம் கூறும் யோசனை. பளபளப்பைப் பின்னரும் வாங்கலாம்; உளுத்த சட்டத்தின் மேல் இட்ட பணம் திரும்பி வாராது.