புழுவுக்கும் வரும் வயிற்றுவலி! மாடித்தோட்டத்தைக் காக்கும் நோய்கள்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு தக்காளித் தொட்டிகள் இருக்கின்றன. போன மாதம் ஒரு காலை பார்த்தால், காய்களில் ஓட்டை. தலையைக் காய்க்குள் விட்டு, உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு பச்சைப் புழு!

"மருந்து வாங்கிட்டு வா, அடிச்சிடலாம்" என்றார் அம்மா. ஆனால், பக்கத்து வீட்டுப் பாப்பா மாடிக்கு வந்தால் பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். விஷம் அடித்த செடிக்கு எத்தனை நாள் காவல் இருப்பது?

வேறு வழி உண்டு. நமக்குக் காய்ச்சல் வருவதுபோல, புழுவுக்கும் நோய் வரும். அந்த நோயையே மருந்தாக்கலாம்.

1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் செத்து விழ, காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார் இஷிவாடா. 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதி மாவு ஆலைப் புழுக்களிலும் அது கிடைத்தது. அதனால் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயர். சுருக்கமாக பி.டி. 1938-லேயே பிரான்ஸில் இது பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்துவிட்டது.

நம்ம புதுச்சேரிக்கும் இது பழக்கமானதுதான். இதே பாக்டீரியாவின் இன்னொரு வகை கொசுப்புழுவைக் கொல்லும். அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கி நிறுவனங்களுக்குக் கொடுத்தது, இங்குள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம்.

பி.டி. எப்படி வேலை செய்கிறது? இலையோடு சேர்த்து பாக்டீரியாவின் புரதப் படிகத்தையும் புழு தின்கிறது. புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே படிகம் கரைந்து குடலில் ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்தில் தின்பது நிற்கும். இரண்டு மூன்று நாளில் புழு சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை.

இன்னொன்று, என்.பி.வி. என்ற வைரஸ். தக்காளிக் காய்ப்புழுவுக்கு இதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நோய் கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். உடம்பு உடைந்து வழியும் நீரில் இருக்கும் வைரஸ், மற்ற புழுக்களுக்கும் பரவும். ஆனால், காய்ப்புழுவின் வைரஸ் புகையிலை வெட்டுப்புழுவை ஒன்றும் செய்யாது. எந்தப் புழு என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால், குரும்பாபேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

* மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் இந்தக் கிருமிகளின் வீரியம் போய்விடும்.

* புழு சிறிதாக இருக்கும்போதே தெளியுங்கள். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை மருந்து எட்டாது.

* இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். புழு தின்றால்தான் மருந்து வேலை செய்யும்.

* காலாவதி தேதி பாருங்கள். அளவுக்கு லேபிள் சொல்வதைக் கேளுங்கள். காயைக் கழுவியே சமையுங்கள்.

* எலுமிச்சை, கறிவேப்பிலையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் பி.டி. கொல்லும். அந்தத் தொட்டிகள் பக்கம் வேண்டாம். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரி அருகே கொண்டுபோகவே கூடாது.

எங்கள் மாடியில் ஓட்டை விழுந்த காய்களைப் புழுவோடு பறித்து அப்புறப்படுத்தினோம். மாலையில் பி.டி. தெளித்தோம். மறுநாள் காலை அம்மா, "புழு அப்படியேதான் இருக்கு, காசு தண்டம்" என்றார். மூன்றாம் நாள் இலைகளில் சின்னப் புழுக்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளித்தோம்.

விஷமருந்து மாதிரி அடித்தவுடன் புழு விழாது. இரண்டு நாள் பொறுமைதான் இதற்கான விலை. பாப்பா இப்போதும் மாடிக்கு வருகிறாள். பழத்தைக் கழுவிக் கொடுப்பதோடு எங்கள் காவல் முடிந்துவிடுகிறது.