ஃபார்மேட் அடிக்கும் முன்…

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி வீட்டு அக்கா லேப்டாப்போடு வந்து நின்றார். ஆன் செய்தால் நீலத்திரை, ரீஸ்டார்ட், மறுபடியும் நீலத்திரை.

“கடையில ஃபார்மேட் பண்ணினாத்தான் சரியாகும்னு சொல்றாங்க தம்பி. அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு.”

அவர் அப்பா போன வருடம்தான் தவறினார். போட்டோக்களுக்கு வேறு காப்பி கிடையாது.

ஃபார்மேட் தப்பான வைத்தியம் இல்லை, கடைசி வைத்தியம். விண்டோஸ் இயங்கத் தேவையான சிஸ்டம் ஃபைல்கள் வேறு, நம் போட்டோக்கள் வேறு. அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். அப்போதும் போட்டோக்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். முதலில் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும்.

தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஆன் ஆகாமல் போனால், விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்கு வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை போனில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பென் டிரைவைச் செருகிவிட்டு, அந்தக் கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஆமாம், மளிகை லிஸ்ட் எழுதும் அதே நோட்பேட்தான்! ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். சி டிரைவ் இங்கே டி என்று தெரிந்தால் பதறாதீர்கள். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டாமல் உறைந்ததுபோல நிற்கலாம். நிற்கட்டும், கை வைக்காதீர்கள். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் வீட்டில் காபி இரண்டு ரவுண்டு.

பிறகுதான் ரிப்பேர். அதே மெனுவில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ கொடுத்ததும் விண்டோஸ் எழுந்துகொண்டது. அதற்குள் போய் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். எஸ்எஃப்சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ‘ஸ்கேன்நவ்’. கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைக் கண்டுபிடித்து, சேமித்து வைத்திருக்கும் நல்ல நகலால் மாற்றும் கட்டளை இது. சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால், அந்த நகலே கெட்டிருக்கலாம். அதைச் சரிசெய்ய டிஐஎஸ்எம் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. நல்ல ஃபைல்களை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அது முடிந்ததும் மறுபடி எஸ்எஃப்சி.

சரியான பிறகும் ஃபைல்கள் திரும்பத் திரும்பக் கெட்டால் விண்டோஸைத் திட்டாதீர்கள். ரேம் அல்லது டிஸ்க் பழுதாகியிருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஓடவிட்டால், ரேம் பற்றித் தெரிந்துவிடும்.

மாலையில் அக்கா பென் டிரைவை டிவியில் செருகினார். மாலையும் கழுத்துமாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். “இன்னொரு காப்பி போட்டுக் குடு தம்பி” என்று மறுநாளே புது பென் டிரைவோடு வந்துவிட்டார்.