"இன்னா சார், வண்டி ரிப்பேரா?"

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ரெண்டரை வருஷமாக நான் சைக்கிளில்தான் போய்வருகிறேன். முத்துக்கடையில் காய்கறி, ஆற்காட்டில் வங்கி வேலை, வாலாஜாவில் அக்கா வீடு, எல்லாம் சைக்கிள்தான். வாரத்தில் ரெண்டு பேராவது நிறுத்திக் கேட்பார்கள்: "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" ஒருத்தர் உண்மையான அக்கறையோடு, "பென்ஷன் வரலையா சார்?" என்றே கேட்டுவிட்டார்.

இதே நான், இதே சைக்கிளில், ஞாயிற்றுக்கிழமை காலை ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு போனால் பேச்சே வேறு. "சூப்பர் சார், பிட்னஸா? எத்தினி கிலோமீட்டர்?" கேரியரில் முருங்கைக்காய் இருந்தால் ஏழை, தலையில் ஹெல்மெட் இருந்தால் விளையாட்டு வீரர். சைக்கிளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது இந்த ரெண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் அப்பா ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பழைய ஹெர்குலிஸ் சைக்கிள், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. அந்தக் காலத்தில் ஷிப்டு விட்டால் சாலை முழுக்க சைக்கிளாகத்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்து கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வாங்கியபோது அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நான் மிதிச்சது போதும், என் புள்ள மிதிக்க வேணாம்" என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டது போல முப்பத்திரண்டு வருஷம் நான் மிதிக்கவே இல்லை. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருந்த பள்ளிக்கும் வண்டிதான்.

அப்பா எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெற்ற மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 8.2. எடை 84 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் மட்டும் இல்லை. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் பத்துக் கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதில் நானும் ஒரு புள்ளி.

டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் முட்டி வலித்தது. "அப்போ சைக்கிள் ஓட்டுங்க, உடம்போட பாரத்தை சீட்டு தாங்கிக்கும்" என்றார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். முதல் மூன்று மாதம் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். எத்தனை கிலோ குறைந்தது தெரியுமா? ஒரு கிலோ!

ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறிவியல் வாத்தியார் அல்லவா. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமமான சாலையில் மணிக்கு 16 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 400 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அதாவது ஒரு கிலோ கரைய ஏறக்குறைய இருபது மணி நேரம் மிதிக்க வேண்டும். நானோ மிதித்து முடித்ததும் "இன்னிக்கு நல்லா ஓட்டினோம்" என்று நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மிதித்த கணக்கு அங்கேயே நேராகிவிட்டது. ஆற்காட்டுப் பக்கம் போனால் மக்கன் பேடா வேறு. அது வட்டி!

ஆகவே முதல் கருத்து. சைக்கிள் மட்டும் எடையைக் குறைக்காது. எடை தட்டில் குறைய வேண்டும். குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காலுக்கும் நெஞ்சுக்கும் பலம் தருவது, ராத்திரி நல்ல தூக்கம் தருவது, இதெல்லாம் சைக்கிள் செய்யும் வேலை. இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் பலர் மூன்று மாதம் ஓட்டி, எடை மெஷினைப் பார்த்து மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று வீட்டில் விலை உயர்ந்த சைக்கிள் துணி காயப்போடும் கொடியாக நிற்கிறது.

நானும் நிறுத்தியிருப்பேன். ஒருநாள் ஸ்கூட்டர் உண்மையிலேயே ரிப்பேர் ஆனது. வேறு வழியில்லாமல் சைக்கிளில் காய்கறிக்குப் போனேன். மறுநாளும் போனேன். ஸ்கூட்டர் சரியாகி வந்த பிறகும் சைக்கிளையே எடுத்தேன். காரணம், பிடித்திருந்தது. தெரிந்த முகத்தைப் பார்த்தால் கால் ஊன்றிப் பேசலாம். எந்த வீட்டில் மீன் குழம்பு என்று தெரியும். வேப்பம்பூ உதிர்வது தெரியும். முப்பத்திரண்டு வருஷம் நான் கடந்துபோன தெருவை அப்போதுதான் பார்த்தேன்.

அதிலிருந்து "இன்று பயிற்சி செய்ய வேண்டுமே" என்ற எண்ணமே போய்விட்டது. கடைக்குப் போகவேண்டும், போகிறேன், அவ்வளவுதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடை, வங்கி, அக்கா வீடு என்று போய்வந்தாலே எனக்கு அது தாண்டிவிடுகிறது. பிரிட்டனில் 2 லட்சத்து 63 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் கவனியுங்கள், அவர்கள் பந்தயத்துக்குப் போனவர்கள் அல்ல, வேலைக்குப் போனவர்கள்.

இன்று என் எடை 76. சர்க்கரை சராசரி 6.7. ராத்திரிச் சோற்றை நிறுத்தியதற்குப் பாதி, சைக்கிளுக்குப் பாதி என்று பெருமையைப் பங்கு போட்டுக் கொடுக்கிறேன்.

சரி, மலை ஏறுவதெல்லாம் வேண்டாமா? வேண்டும்! அதில் இருக்கும் சந்தோஷமே தனி. போன தை மாதம் என் பழைய மாணவர்கள் நாலு பேர் என்னை ஏலகிரிக்கு அழைத்துப் போனார்கள். அடிவாரம் வரை சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து மிதித்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் முன்பக்கச் சின்னப் பல்சக்கரம், பின்பக்கப் பெரிய பல்சக்கரம் என்று கியரை வைத்துக்கொண்டு, நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகமாக ஏறினேன். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். அதில் வெட்கம் இல்லை. என் எடையும் சைக்கிள் எடையும் சேர்ந்து 90 கிலோ. இதை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க உடம்பு ஏறக்குறைய நூறு கலோரி எரிக்க வேண்டியிருக்கிறது. மேலே போய் பலாமரத்தடியில் உட்கார்ந்தபோது எந்தக் கணக்கும் நினைவில் இல்லை. அப்பாவின் நினைவுதான் வந்தது. அவர் சோற்றுக்காக மிதித்தார். நான் ஆசைக்காக மிதிக்கிறேன். ஆசைக்காக மிதிக்கும் வசதியை அவர் மிதித்துத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏற ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். வழியில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சீட்டு உயரம் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முட்டி நேராக இருக்க வேண்டும். பாதி முட்டி வலி இதிலேயே போய்விடும். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடாகும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். தடித்த டயரும் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் வைத்த சைக்கிளைப் பார்த்து மயங்காதீர்கள். அது கரடுமுரடான மலைப்பாதைக்கு. நம் தார்ச் சாலையில் உழைப்பில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

நீலகிரியில் 2008 முதல் நடக்கும் சைக்கிள் பயணத்துக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் நெடுந்தூர ஓட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. போகிறவர்களுக்கு என் வணக்கம். நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை தெருமுனைப் பால் கடைக்கு பைக்கை எடுக்கிறீர்களே தம்பி, அது ஏன்?

பதில் எனக்குத் தெரியும். ஒன்று கௌரவம். இன்னொன்று பயம். பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மாலை பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி உரசுவது போல் வந்து, நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அரை மணி நேரம் கை நடுங்கியது. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். சாலையை அகலப்படுத்துகிறோம், நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்கும் ஒரு கோடு கூடப் போடுவதில்லை. கடைத்தெருவில் சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி இல்லை. காற்றும் அப்படித்தான். 2006-ல் ஒரு அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக நம் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மூச்சை இழுத்து விட்டு மிதிக்கிறவனுக்கு அது வெறும் செய்தி இல்லை. அதனால்தான் நான் காலையில் தொழிற்பேட்டைப் பக்கம் போகாமல் அம்மூர் வழியாகச் சோளிங்கர் சாலையைப் பிடிக்கிறேன். ஆனால் ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிக்கு அந்த வசதி இல்லையே. அவர் போகிற சாலைதான் முதலில் சரியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. அரசு இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் தொடங்கியது. எத்தனையோ வருஷம் நானே பள்ளி மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்திருக்கிறேன். அப்படி வாங்கிய ஒரு மாணவியை போன மாதம் மருந்துக் கடையில் பார்த்தேன். ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. எட்டு மணி நேரமும் உட்கார்ந்தபடி. முப்பத்தைந்து வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். "அந்த சைக்கிள் என்னம்மா ஆச்சு?" என்றேன். "அம்மா வீட்ல துரு புடிச்சு கீது சார்" என்றாள். "எடுத்து ஓட்டேன்." சிரித்துவிட்டுக் கேட்டாள்: "கல்யாணம் ஆனவ சைக்கிள்ல போனா இன்னா சார் சொல்லுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதி உலகமே படித்தது. முப்பது வருஷம் கழித்து, படித்து, வேலைக்குப் போய், சொந்தச் சம்பளம் வாங்குகிற என் மாணவி ஊர் சிரிக்குமே என்று பயப்படுகிறாள். சைக்கிள் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்த எனக்கும் இதில் பங்கு உண்டு. அவளுக்கு சைக்கிள் கொடுத்த அன்று மைதானத்தின் ஓரத்தில் நின்றது என் ஸ்கூட்டர். சைக்கிள் இல்லாதவனுக்கானது என்ற பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன், வாயைத் திறக்காமலே.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் துரு பிடித்த சைக்கிள் இருந்தால் வெளியே எடுங்கள். டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், பெரிய செலவு ஆகாது. மலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் பால் வாங்கப் போங்கள். யாராவது சைக்கிளில் வந்தால் வண்டி ரிப்பேரா என்று கேட்காதீர்கள். வண்டி ஓட்டும்போது சைக்கிளுக்கு ஒரு கை அகலம் அதிகமாக விடுங்கள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு முத்துக்கடையில் இருப்பேன். அம்மூர் வரை போய்த் திரும்புவோம், என் வேகத்தில்தான். பெண்கள் வந்தால் ரொம்ப மகிழ்ச்சி. அந்த மாணவியும் இந்தப் பதிவைப் படிப்பாள் என்று தெரியும். அம்மா, பஞ்சர் ஒட்டுகிற கடை எது என்று கேட்டால் நானே கூட்டிப் போகிறேன்.

டீ மட்டும்தான். பொங்கல் வடை கிடையாது!

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்